ஐஸ் அள்ளிய கை

நெல்சனைப் பற்றி எழுதப் போகிறேன் என்று அவரிடமே சொன்னபோது, "இன்னாத்துக்கு?" என்றார். எழுதினால் எனக்குத் தூக்கம் வரும் என்றேன். "அப்ப எழுதிக்கோம்மா. ஆனா என்ன நல்லவனா மட்டும் காட்டாத" என்றார்.

சரி, காட்டவில்லை. நெல்சனுக்கு வயது நாற்பத்தைந்து. காசிமேட்டில் பிறந்தவர். பதினாறு வயதில் ஐஸ் உடைக்கப் போனார், இருபதில் ஆழ்கடல் விசைப்படகில் ஏறினார். படகில் அவருக்கு மீன் பிடிக்கிற வேலை கிடையாது, பிடித்த மீனைக் கெடாமல் கரை சேர்க்கிற வேலை. படகின் அடியில் இருக்கும் அறைக்குள் இறங்கி ஒரு வரிசை மீன், ஒரு வரிசை ஐஸ் என்று அடுக்குவார். உருகிய தண்ணீரை இறைப்பார். செவுளைத் தூக்கிப் பார்த்தே இது இன்னும் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சொல்லிவிடுவார். மீன் அறையில் அவர் கை வைத்தால் போதும், ஏலக்காரர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று காசிமேட்டில் இன்றைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது.

அந்தப் படகில்தான் அவருடைய அண்ணன் ஸ்டானிஸ்லாஸும் போனார். 2006இல், ஆந்திரா பக்கக் கடலில், வலை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. போதாக்குறைக்கு எஞ்சினும் மக்கர் செய்தது. ஊர்ந்து ஊர்ந்து காசிமேடு வந்து சேர ஆறு நாள். கடலில் செத்தவரை மீன் அறையில் ஐஸுக்குள் வைத்துத்தான் கொண்டுவருவார்கள், வேறு வழி இல்லை. ஆனால் இறக்கியபோது முகம் முகமாக இல்லை. அடையாளம் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நெல்சன். பெட்டியை ஆணி அடித்துத்தான் கோயிலுக்கே கொண்டுபோனார்கள். அண்ணன் மனைவி ஜூடிக்கு அப்போது இருபத்தொன்பது வயது. எவ்வளவு கெஞ்சியும் திறந்து காட்டவில்லை.

ஐஸ் தீர்ந்துபோய்விட்டது என்று அவளுக்குச் சொன்னார்கள். ஜூடி மீன்காரி வீட்டுப் பெண். அன்று துறைமுகத்தில் அந்தப் படகின் மீன் ஏலம் போனதைத் தன் கண்ணால் பார்த்தவள். வஞ்சிரம் எல்லாம் செவுள் சிவப்பாக, கண் பளபளப்பாக இருந்தன. "ஐஸ் தீந்துபோச்சுன்னா மீனு எப்பிடி நல்லா வந்துச்சு?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாததால் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். சொல்வது பொய், பெட்டியில் இருப்பது வேறு யாரோ, தன் புருஷன் எங்கோ வேறு படகில் ஏறி வேறு கரையில் இருக்கிறார். பத்தொன்பது வருடமாக அவள் அதிலிருந்து நகரவில்லை. கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுவர்த்தியோடு கிளம்பும்போது ஜூடி மட்டும் வீட்டில் இருப்பாள். இறந்தவர்களுக்கான பூசையில் புருஷன் பெயரைக் கொடுக்க மாட்டாள். நெல்சனைப் பார்க்கும்போதெல்லாம் அதே கேள்வியைக் கேட்பாள். நெல்சன் தலையைக் குனிந்துகொள்வார். அண்ணன் போனதோடு அவர் கடலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார்.

இவ்வளவையும் எனக்குச் சொன்னவர் நெல்சன்தான். ஜூடியின் கேள்விக்குப் பதில் என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒருவர் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு நிற்கும்போது துருவித் துருவிக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

நான் செங்கொடி. வியாசர்பாடிக்காரி. ராயபுரத்தில் பழைய கிடங்கு ஒன்றை இடித்துக் கட்டிய ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. மெஷின் ஓட்டுகிறேன். வார நாட்களில் முதுகுவலிக்காரர்களும் தலைவலிக்காரர்களும் வருவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் தொடங்கித் திங்கட்கிழமை காலை வரை மெஷின் ஓர் ஆராய்ச்சிக் குழுவிடம் இருக்கும். அப்போது உள்ளே போகிறவர்கள் உயிரோடு இருப்பவர்கள் இல்லை. குடும்பத்தார் தானமாகக் கொடுத்த மூளைகள். பெயர் கிடையாது, எண் மட்டும். குழுவுக்குத் தலைவர் டாக்டர் ஹெப்சிபா. மெஷினுக்கு நான். மற்ற எல்லாவற்றுக்கும், அதாவது தூக்க, வைக்க, கழுவ, காவல் காக்க, நெல்சன்.

நான் பேய் பிசாசு பேச்சையே அண்டவிடாத வீட்டில் வளர்ந்தவள். அப்பா புத்தர் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, பயம் என்பது படிக்காததால் வருவது என்று லெக்சர் அடிப்பார். அதனால் இந்த வேலைக்கு நான்தான் லாயக்கு என்று எனக்கொரு திமிர் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

நெல்சன் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். மூளையை மருந்து வாடை போகும்வரை வாரக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, ஸ்கேனுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், படத்தில் தெரியாத ஒரு திரவத்துக்குள் வைப்போம். மடிப்புக்குள் ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் அந்த இடம் படத்தில் ஓட்டையாகத் தெரியும். நெல்சன் டப்பாவை மெல்லச் சாய்ப்பார், திருப்புவார், காத்திருப்பார். ஒவ்வொரு குமிழியாக மேலே வரும். அந்த நேரத்தில் உள்ளே இருப்பவரிடம் பேசுவார். "இப்ப ராயபுரத்துல கீற. ரெண்டு நாளுதான். அப்பால பூடலாம்." முதல் தடவை கேட்டபோது சிரிப்பு வந்தது. நாலாவது தடவை நானும் உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் போனேன்.

ஒரு நாள் அவர் கேட்டார். "செத்த மூளைல இன்னாம்மா பாக்கறீங்க, முப்பத்தாறு மணி நேரம்?"

நான் வாத்தியாராகிவிட்டேன். சாதா ஸ்கேன் மூளையை வெளியிலிருந்து வீடு பார்க்கிற மாதிரி பார்க்கும், சுவர் தெரியும், உள்ளே என்ன என்று தெரியாது. நாங்கள் பார்ப்பது தண்ணீரை. மூளைக்குள் இருக்கும் தண்ணீர் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. மீன் ஏலக் கூடத்தில் நிற்கிறவன் எந்தப் பக்கமும் நகரலாம், சந்துக்குள் நிற்கிறவன் முன்னும் பின்னும்தான் நகர முடியும். தண்ணீரும் அப்படித்தான். நரம்பு இழைக்குள் மாட்டிய தண்ணீர் இழையோடு மட்டும் போகும். எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று நூற்றுக்கணக்கான திசைகளில் அளந்தால், கண்ணுக்கே தெரியாத இழை எவ்வளவு தடிமன், எங்கே நெருக்கம், எங்கே அழிந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்லலாம். வெட்டாமலே சொல்லலாம்.

அவர் காதில் மற்றது எதுவும் விழவில்லை. "செத்தப்புறமும் ஆடுமா?"

"தண்ணிக்கு யார் செத்தாங்கன்னு தெரியுமா அண்ணே? சூடு இருக்கற வரைக்கும் ஆடும்."

"ஐஸ்ல கெடந்தா?"

"மெதுவாகும்."

"ஐஸ் இல்லாங்காட்டி?"

"வேகமா ஆடும். அதனாலதான் இந்த ரூம் ஏசி ஒரு டிகிரி கூட மாறக்கூடாதுன்னு டாக்டர் உயிர எடுக்கறாங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனார். என் வாய் சும்மா இருந்திருக்கலாம் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன்.

முப்பத்தொன்றாம் எண் மே மாதம் வந்தது. அறுபத்திரண்டு வயதுப் பெண் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஸ்கேனைத் தொடங்கினேன். செவ்வாய்க்கிழமை அவளைச் சீவல் சீவலாக வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்கு ஏற்பாடாகியிருந்தது. வெட்டிய பிறகு முழுசாகப் பார்க்க முடியாது, இது ஒரே வாய்ப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. நெல்சனை உட்கார வைத்துவிட்டுப் புளியந்தோப்பில் சித்தி மகளின் வளைகாப்புக்குப் போனேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கலவை சாதத்தை ஒரு பிடி பிடித்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் நெல்சனிடமிருந்து பன்னிரண்டு தவறிய அழைப்புகள்.

கூப்பிட்டேன். "ஏசி நின்னுபோச்சும்மா காலைல. மெக்கானிக் வந்து இப்பதான் சரி பண்ணினான். ஒண்ணியும் இல்ல. மெஷின் ஓடிகினு கீது" என்றார். குரல் தட்டையாக இருந்தது. சலித்துக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் படங்களைத் திறந்தேன். ஞாயிறு காலை பதினொரு மணி வரை சுத்தம். மூளை தன்னந்தனியாக, சுற்றிலும் கறுப்பு. எங்கள் திரவம் படத்தில் தெரியாது என்பதால் அந்தக் கறுப்பில் எதுவும் இருக்கக் கூடாது. பதினொன்றே கால் படத்தில் டப்பாவின் இடப்பக்கம் வெள்ளையாகப் புகை மாதிரி ஏதோ இருந்தது. பன்னிரண்டு மணிக்கு அது வலப்பக்கமும் வந்திருந்தது. பன்னிரண்டரைக்குக் கீழே. ஒன்றேகால் மணிப் படத்தில் முப்பத்தொன்றைச் சுற்றி வெள்ளையாக ஓர் உருவம், கை வைத்து அணைத்துக்கொண்ட மாதிரி, படத்துக்குப் படம் பெருத்துக்கொண்டே வந்திருந்தது.

அளவுகளைப் பார்த்தேன். மூளைக்குள் தண்ணீரின் ஆட்டம் மணிக்கு மணி குறைந்துகொண்டு வந்திருக்கிறது. ஏசி நின்ற அறையில் ஆட்டம் கூடத்தானே வேண்டும்? அந்த அறைக்குள் இந்த மூளை மட்டும் குளிர்ந்திருக்கிறது. எழுந்து ஸ்கேன் அறைக்குள் போனேன். டப்பா உலர்ந்து, இருந்த இடத்திலேயே இருந்தது. சுற்றிலும் ஒன்றும் இல்லை. அப்பாவின் லெக்சர் ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை. திரும்பி வருகிற பத்தடியில் நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

மறுபடி உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்தபோதுதான் கோடுகள் கண்ணில் பட்டன. ஸ்கேன் ஓடும்போது கதவைத் திறந்தால் வெளியே இருக்கிற ரேடியோ அலை உள்ளே புகுந்து படத்தில் கோடு கோடாக விழும். ஐந்து இடத்தில் விழுந்திருந்தது. பேய்க்குக் கதவைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லை.

"அண்ணே" என்று கூப்பிட்டேன். நெல்சன் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"நேத்து உள்ள போனீங்களா?"

"இல்லம்மா."

"கதவு அஞ்சு தபா தெறந்திருக்கு. டப்பாவச் சுத்தி ஏதோ இருந்திருக்கு. என்னன்னு தெரியாம இத ஒண்ணும் பண்ண முடியாது. தெரியலைனா மொத்தமா தூக்கிப் போட வேண்டியதுதான். நாளைக்கு அறுத்துடுவாங்க. இந்தப் பொம்பள வந்ததே வீணு." கோபத்தில் பேசினேன். பயந்துபோனதை மறைக்கக் கோபம் வசதியாக இருந்தது.

அவர் உள்ளே வந்து எதிரே இருந்த ஸ்டூலில் குந்தினார். "ஐஸ்" என்றார்.

அறை சூடாகிக்கொண்டிருந்தது. நான் போனை எடுக்கவில்லை. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆட்டோ பிடித்துக் காசிமேடு போய், பொடித்த ஐஸைக் கையகலப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி வாங்கி வந்திருக்கிறார். உள்ளே உலோகம் ஆகாது என்பதால் கழுத்துச் சிலுவையையும் வாட்சையும் கழற்றி வைத்துவிட்டு, மெஷினின் பின்பக்கமாகக் கையை விட்டு, டப்பாவுக்கும் அதைச் சுற்றியிருக்கும் கூண்டுக்கும் நடுவில் பைகளைச் சொருகியிருக்கிறார். கட்டியாக இருக்கும்வரை ஐஸ் படத்தில் தெரியாது, உருகி நீரானதும் தெரியும். வெள்ளையாகப் பெருத்தது அதுதான். ஏசி வந்ததும் எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்துவிட்டார். செத்துப்போனதை ஐஸுக்குள் வைத்தால் நல்லது என்று காசிமேட்டில் பிறந்த எவரும் நினைப்பார்கள். எங்களுக்குத்தான் அது கெடுதல்.

திட்ட வாய் வரவில்லை. லாக் புக்கை எடுத்தேன். "மணி வாரியா சொல்லுங்க. எத்தன பை, எப்பப் போட்டீங்க, எப்பக் கரஞ்சுது. சரியா சொன்னா டாக்டர் எத வச்சுக்கறது, எதத் தள்றதுன்னு முடிவு பண்ணலாம்."

ஐஸ் விஷயத்தில் அவருக்கு ஞாபகப் பிசகு கிடையாது. கண்ணை மூடிக்கொண்டார். நான் எழுத எழுதச் சொன்னார்.

"பதினொண்ணு அஞ்சுக்கு மொதல்ல நாலு பை, எடப்பக்கம். பதினொண்ணே முக்காலுக்கு வலப்பக்கம் நாலு. ஒண்ணரைக்குப் பாத்தா பாதி கரைஞ்சிருச்சு. எட்டையும் எடுத்துட்டு புச்சா போட்டேன். மூணு மணிக்கு மறுபடியும் போய்ப் பாத்தேன், கெட்டியா இருந்துச்சு, தொடல. மூணாம் நாளு காலைல எறங்கிப் பாத்தேன். வஞ்சிரம் செவுளு நெறம் மாறிகினு இருந்துச்சு."

'மூன்றாம் நாள் காலை' என்று எழுதிவிட்டுத்தான் என் பேனா நின்றது. நாங்கள் பேசிக்கொண்டிருந்ததில் மூன்றாம் நாள் என்று ஒன்று இல்லை. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"மீன் மேல ஐஸ் கம்மி. அந்தாண்ட அண்ணன் கெடந்தான். அவன் மேல முட்டி உசரத்துக்கு நானேதான் கொட்டி வச்சிருந்தேன். அள்ளினேன்."

"படகு டிரைவர் சொன்னாரா?"

"யாரும் சொல்லல. மேல யாருக்கும் தெரியவே தெரியாது. செவுளப் பாத்தேன், கை தானா பூட்ச்சு. தலமாட்டுலேந்து ஆரம்பிச்சேன். நாலு கூடை அள்ளினப்பதான் அவன் மொகம் தெரிஞ்சுது. அப்பவாச்சும் நிறுத்தியிருக்கணும். கூடைல இருந்தத திருப்பி அவன் மேல கொட்டியிருக்கலாம். கொட்டல. மீன் மேல போட்டேன். மிச்சத்தியும் அள்ளினேன்."

வெளியே கன்டெய்னர் லாரி போனது, மேசை லேசாக அதிர்ந்தது.

"அப்பால மூணு நாளு அவன் அங்க சும்மா கெடந்தான். அவன் தலைக்குள்ள தண்ணி ஆடிகினே இருந்திருக்கும்னு நீ சொன்னப்புறம் எனக்குத் தூக்கம் இல்லம்மா. படுத்தா அதுதான். ஆடுது, ஆடுதுன்னு."

என் மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆறுதலாக ஏதோ சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன். அண்ணன் உடம்பிலிருந்து ஐஸ் அள்ளியவரிடம் பரவாயில்லை என்று சொல்ல நான் யார்? அதை மன்னிக்கிற உரிமை ஒரே ஒருத்திக்குத்தான் இருந்தது.

டாக்டர் ஹெப்சிபா லாக் புக்கைப் படித்தார். 'மூன்றாம் நாள் காலை' என்று முடிந்த கடைசி வரியையும் படித்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஐஸ் இருந்த மணி நேரங்களைத் தள்ளிவிட்டு மீதியை வைத்து முப்பத்தொன்றைக் காப்பாற்றலாம் என்றார். நெல்சன் இனிமேல் ஸ்கேன் அறைக்குள் போகக் கூடாது, வாசலோடு சரி என்றும் சொன்னார். நெல்சன் தலையாட்டினார். அன்று மாலை என்னிடம் வந்து, "நீ எழுதிட்ட. இனிமே அத முழுங்க முடியாது. அண்ணி வூட்டுக்குப் போணும். கூட வரியா?" என்றார்.

எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் இரண்டாவது மாடி. ஜூடிக்கு இப்போது நாற்பத்தெட்டு. தையல் கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். கழுத்தில் தாலி இருந்தது. "இன்னா நெல்சா, அதிசயமா கீது" என்று சொல்லி எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ போட எழுந்தவளை நெல்சன் தடுத்தார்.

"அண்ணி, நீ ஒரு கேள்வி கேப்பல்ல. ஐஸ் தீந்துபோச்சுன்னா மீனு எப்பிடி நல்லா வந்துச்சுன்னு. ஐஸ் தீரல. அண்ணன் மேல இருந்தத நான் எடுத்து மீன் மேல போட்டேன். அதான் மொகம் போச்சு. அதான் ஆணி அடிச்சோம்."

ஜூடி அவரைப் பார்த்தாள், பிறகு அவர் கைகளைப் பார்த்தாள்.

"அப்போ பொட்டில இருந்தது அவருதானா?"

"அண்ணன்தான்."

"நல்லாத் தெரியுமா?"

"என் கையால தூக்கினேன் அண்ணி."

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அடிப்பாள் என்றும் நினைத்தேன். இரண்டும் இல்லை. வீட்டுச் சமாச்சாரம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"பத்தொம்பது வருசமா நான் தாப்பா போட்டுத் தூங்கினதில்ல, நெல்சா. ரெண்டு தபா திருடன் பூந்தான், அப்பவும் போடல. ராத்திரில வந்து தட்டி, நான் அசந்து தூங்கிட்டா, அந்தாளு திரும்பிப் பூடுவாரேன்னு."

நெல்சன் அவள் காலருகே குனிந்தார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"ஐஸ் அள்ளினத கூட வுட்டுடறேன். கடல்ல ஆம்பளைங்களுக்கு இன்னா புத்தி வரும்னு எனக்குத் தெரியும். அடுத்த வருசம் சொல்லியிருந்தீன்னா எனக்கு முப்பது வயசு. சொல்லல. நான் கேக்கறப்பல்லாம் தலயக் குனிஞ்சுகினு நின்ன. போ. எழுந்திரு."

நாங்கள் வெளியே வந்தோம். நெல்சன் படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகியிருக்க வேண்டும், உடனே விழவில்லை. ஜூடி அதைத் தள்ளினாள், மறுபடி தள்ளினாள், மூன்றாவது தடவைதான் அது விழுந்தது.